கமராவுக்கு அரிசிப் பை

புரொண்பி
டென்மார்க், 15.04.2009

அன்புள்ள அக்கா,

தொலைபேசியில் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். ஆகவே எழுதுகிறேன். கிழித்துப் போடுவதென்றாலும் உறையைத் திறக்கத்தானே வேண்டும்.

முதலில் அலுவல். ஜூன் தொடக்கத்தில் வட துருவப் பக்கம் போகிறேன். ஸ்வல்பார்ட் தீவுகளைச் சுற்றும் உல்லாசக் கப்பலில் படம் எடுக்கிற வேலை. தளபாடக் கடைகளின் படப்பிடிப்புக்கு என்னைத் துணைக்குக் கூப்பிடுவானே மோர்டன், அந்த டெனிஷ்காரன் பனிச்சறுக்கலில் காலை முறித்துக்கொண்டான். தன் இடத்துக்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறான். பனிக்கட்டி, கடல், வெள்ளைக் கரடி. மாலை மாற்ற யாரும் இல்லை. "எல்லாரும் இஞ்சை பாருங்கோ" என்று நான் தொண்டை கிழியக் கத்தவும் தேவையில்லை.

போன வருடம் வீடு மாறியபோது உங்கள் நிலவறையில் வைத்த சாமான்கள் வேண்டும். தண்ணீர் புகாத கறுப்புப் பெட்டி, நீண்ட லென்ஸ், தடித்த குளிர்ச்சட்டை. லென்ஸை மட்டும் அத்தான் தன் கையால் சுற்றிக் கட்டட்டும், லூக்காசிடம் கொடுக்க வேண்டாம். உங்கள் மகன் எதையும் ஒரு தரம் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டான்.

இன்னொன்று. நீங்கள் சட்டை தைக்கிற மெஷினில் எனக்கு இரண்டு பைகள் தைத்துத் தர வேண்டும். தடித்த துணி, ஒரு பக்கம் சிப், சின்னத் தலையணை அளவு. அதற்குள் அரிசி நிரப்பிக் கப்பலின் கைபிடிக் கம்பியில் வைத்தால் நீண்ட லென்ஸ் அதில் பதிந்து அசையாமல் இருக்கும். முக்காலி அங்கே சரிவராது. இயந்திரத்தின் நடுக்கம் அதன் காலால் ஏறிப் படத்தைக் கலக்கிவிடும். மணல் என்றால் பாரம். அரிசிதான் நல்லது என்கிறான் மோர்டன்.

இனி, வன்னிச் சண்டையை நிறுத்தச் சொல்லிப் போன ஊர்வலத்தில், நகரசபை முன்றலில் நடந்தது. நீங்கள் அடித்ததில் லென்ஸின் முன்வளையம் உடைந்தது, அது கிடக்கட்டும். உங்கள் முகத்தை நான் ஆசைப்பட்டு எடுக்கவில்லை. ஊர்வல அமைப்பாளர் பின்னால் நின்று, "தம்பி, அழுகிற பொம்பிளையளைக் கிட்டப் போய் எடும். சும்மா கொடி பிடிக்கிறதை ஆர் பாக்கிறது?" என்று முதுகில் தட்டிக்கொண்டிருந்தார். கிட்டப் போனேன். கமராக் கண்ணாடிக்குள்ளால் ஒரு வாய்தான் தெரிந்தது. அது என் அக்காவின் வாய் என்று நீங்கள் அடித்த பிறகுதான் விளங்கியது.

அன்று பின்னேரம் அதே உடுப்போடு ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்குப் படம் எடுக்கப் போனேன். வெள்ளை ரெஜிபோம் அட்டையில் செய்த பெரிய சிப்பி திறக்க, உள்ளேயிருந்து பிள்ளை புகையோடு எழும்பி வருகிறது. தகப்பன் என் காதுக்குள், "என்ன தம்பி செய்யிறது, ஹோல் போன வருசமே புக் பண்ணினது" என்கிறார். நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லையே! கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து, மிச்சப் படத்தையும் எடுத்துக் கொடுத்தேன்.

எனக்கு மனிதர்களைப் படம் எடுத்தது காணும் அக்கா, போதும். அருவருக்கிறது.

பைகளை மறக்க வேண்டாம்.

இன்பநாதன்


பிரெடெரிசியா
20.04.2009

இன்பநாதன்,

பெட்டியையும் குளிர்ச்சட்டையையும் அத்தான் தபாலில் போடுவார். லென்ஸ் இங்கே கிடக்கட்டும். யோசித்துச் சொல்கிறேன்.

அரிசிப் பை கேட்ட இடம் வந்ததும் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்க் கை கழுவினேன். உனக்கு மட்டும்தான் அருவருக்கும் என்று நினைத்தாயா? எங்கள் தம்பி பேனாட்டும் அவன் மனைவி மேரிசெலினும் வன்னியில் எந்தப் பதுங்குகுழிக்குள் கிடக்கிறார்களோ தெரியாது. உப்பில்லாத கஞ்சிக்குச் சனம் பாத்திரத்தோடு வரிசையில் நிற்கிறது. நீ கரடி பார்க்க அரிசியை மூட்டை கட்டுகிறாய். எழுதும்போது உன் கை கூசவில்லையா?

உனக்கு ஒன்று சொல்லவில்லை. சொன்னால் "பெந்தகொஸ்துக்காரி தொடங்கிவிட்டா" என்று சிரிப்பாய். பேனாட் ஜனவரியில் உனக்குக் கடைசியாகப் போன் எடுத்த அன்று, லைன் அறுந்தது என்று நீ எனக்குச் சொன்ன அன்று, கர்த்தரிடம் பொருத்தனை பண்ணினேன். அவனுடைய குரலைத் திரும்பக் கேட்கும்வரை சோறு வாயில் வைக்கமாட்டேன் என்று. அன்று தொடக்கம் எனக்குக் கோதுமைப் பாண்தான். அத்தானுக்கும் லூக்காசுக்கும் வழமைபோல் உலை வைக்கிறேன். வைக்குமுன் பேனாட்டுக்கென்று ஒரு பிடி அரிசியை எடுத்துத் தகரப்பேணிக்குள் போடுகிறேன். சபைக்குப் பிடியரிசி எடுத்து வைக்கிறதில்லையா, அந்தப் பழக்கம்தான். லூக்காஸ் டெனிஷில் கேட்கிறான், இதை எந்தத் தபாலில் அனுப்பப் போகிறீர்கள் என்று. பதினாலு வயதில் வாய் நீளம்.

இப்போது நான் கேட்கிறேன், நீ பதில் சொல். பேனாட்டுக்குப் பாடமான இலக்கம் உன் கைத்தொலைபேசி இலக்கம் ஒன்றுதான். அவனுடைய கலியாண அல்பத்தின் பின்னட்டையில் உன் ஸ்ரூடியோப் பெயரோடு பெரிதாக அடித்துக் கொடுத்தாயே, அதைப் பார்த்துப் பார்த்துப் பாடமாக்கினவன். உயிரோடு வெளியே வந்தால் யாருடைய போனையாவது இரந்து வாங்கி அந்த இலக்கத்துக்குத்தான் எடுப்பான். நீ பனிக்கட்டிக்கு நடுவில் நிற்பாய். ஆர் எடுக்கிறது?

அல்பம் என்றதும் ஞாபகம் வருகிறது. சமாதான காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் கிளிநொச்சிக்குப் போய் அந்தக் கலியாணத்தை நடத்தி வைத்தோம். ஆறு வருடமாக வீடியோ வரவில்லை. கேட்டால் "எடிற் பண்ணித் தாறன் அக்கா". ஊரார் வீட்டுக் கலியாண வீடியோவிலெல்லாம் ரோசாப்பூப் பறக்கவிடத் தெரிகிறது.

என் வாயைப் படம் எடுத்தாய் அல்லவா? அதை அழி.

தேவமலர்


புரொண்பி
03.05.2009

அக்கா,

படத்தை அழித்துவிட்டேன்.

பெட்டி வந்தது. விறாந்தை முழுக்கச் சாமான்களைப் பரப்பி வைத்திருக்கிறேன். எதை எடுப்பது, எதை விடுவது என்று மூன்று தரம் அடுக்கிக் கலைத்துவிட்டேன். கமரா இரண்டு வேண்டும், ஒன்று குளிரில் செத்தால் மற்றது. பற்றறிகளைச் சட்டையின் உள்பொக்கற்றில், உடம்புச் சூட்டில் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கொஞ்ச நேரத்தில் வடிந்துபோகும். கமராவை வெளியிலிருந்து கபினுக்குள் கொண்டுவருமுன் பொலித்தீன் பைக்குள் போட்டு இறுக்கி மூட வேண்டும். மூடாவிட்டால் சூடு பட்டதும் கண்ணாடி உள்ளுக்குள் வியர்த்துவிடும். இவ்வளவும் மோர்டன் சொல்லித் தந்தவை. நீண்ட லென்ஸ் இல்லாமல் இதெல்லாம் வீண். கரடிக்குக் கிட்டப் போக விடமாட்டார்கள்.

நான் ஏன் போகிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேளாமலே சொல்கிறேன். போன மாதம் தொடக்கம் அந்த ஊர்வல அமைப்பாளர் என் வீட்டுக்கு வருகிறார். இணையத்தில் இறக்கிய வன்னிப் படங்களைக் கொண்டுவந்து பதாகைக்குப் பெருப்பிக்கச் சொல்கிறார். ஒரு படத்தைக் காட்டி, "ரத்தம் மங்கலாக் கிடக்கு தம்பி. கொஞ்சம் சிவப்பை ஏத்தும்" என்றார். ஏற்றினேன். கலியாணக் கூறைச்சேலைக்குச் சிவப்பு ஏற்றுகிற அதே பொத்தான்தான் அக்கா. அவர் தள்ளி நின்று பார்த்து, "இப்ப நல்லா வந்திருக்கு" என்றார். படத்தில் கிடந்தது ஒரு குழந்தை. அவர் கெட்ட மனிதர் இல்லை, அவருடைய சகோதரியும் அங்கேதான் இருக்கிறாள். அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருக்கிறது. அவர் மேல் கோபிக்கவும் முடியவில்லை.

நீங்கள் கேட்டது சரி. தொலைபேசியை உங்களுக்கே அனுப்புகிறேன். சார்ஜரும் உறைக்குள் இருக்கிறது. அணைக்க வேண்டாம். அது அடிக்கும்போதெல்லாம் பேனாட் என்று ஓடுகிறேன், எவராவது கலியாண வீடியோவுக்கு விலை கேட்கிறார்கள். எனக்கு இனி ஏலாது.

பழைய வீடியோப் பையின் பக்கப் பொக்கற்றில் பேனாட்டின் கலியாணக் கசெற் கிடந்தது. பழைய கமராவில் போட்டுப் பார்த்தேன். சாப்பாட்டுப் பந்தி. பேனாட் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்து ஏசுகிறான். உடனே நிறுத்திவிட்டேன். மேலே பார்க்கத் தைரியம் வரவில்லை.

இன்பநாதன்


பிரெடெரிசியா
21.05.2009

இன்பநாதன்,

இன்று பரமேறுதல் திருநாள், லீவு. இல்லாவிட்டால் எழுத நேரம் இராது.

எல்லாம் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் சொல்லிவிட்டார்கள். உனக்குத் தெரியும். நேற்று வேலைக்குப் போனேன். முதியோர் இல்லத்தில் கோப்பி நேரம். என்னோடு வேலை செய்கிற கிர்ஸ்டன், பதினொரு வருடமாகத் தெரிந்தவள், கேக் வாங்கி வந்து மேசையில் வைத்திருக்கிறாள். அதில் ஒரு சின்ன டெனிஷ் கொடி குத்தியிருக்கிறது. என்னைக் கட்டிப்பிடித்து "தில்லுக்க!" என்றாள். வாழ்த்துகளாம். உங்கள் நாட்டில் சண்டை முடிந்துவிட்டதே, இனிச் சந்தோசம்தானே என்கிறாள். மற்றவர்கள் கைதட்டுகிறார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "தாக்" என்று நன்றி சொன்னேன். ஒரு துண்டு கேக் தின்றேன். விழுங்கியும் விட்டேன். அவளுக்கு விளங்கப்படுத்த எனக்கு டெனிஷ் காணாது, தமிழும் காணாது. வீட்டுக்கு வந்து தொண்டைக்குள் விரலை விட்டு அதை வெளியே எடுத்தேன். உன் வாந்தியைப் பற்றி எழுதியிருந்தாய். இதோ என்னுடையது.

உன் தொலைபேசி என் ஏப்ரன் பொக்கற்றுக்குள் இருக்கிறது. இந்தக் கிழமையும் அடித்தது. பேனாட் இல்லை. ஒரு பெண் கேட்கிறா, "ஓகஸ்டிலை எங்கடை மகளின்ரை சாமத்திய வீடு. ஹெலிகொப்ரரிலை வந்து இறங்கிற மாதிரி எடுத்துத் தருவியளோ?" முள்ளிவாய்க்காலில் கடைசி ஆள் விழுந்து மண் காயவில்லை. "ஸ்ரூடியோ பூட்டியாச்சு" என்று சொல்லி வைத்துவிட்டேன். கத்தியிருக்க வேண்டும். வேறு யாராவது அந்த நேரத்தில் லைனுக்கு முயற்சி பண்ணுவார்களோ என்ற பயத்தில் கத்தவில்லை.

உன் பைகளைத் தைத்துவிட்டேன். லென்ஸோடு சேர்த்து வருகிறது. உள்ளே இருப்பது கடை அரிசி இல்லை, பேனாட்டுக்கென்று எடுத்து வைத்த பிடியரிசி. பேணி நிறைந்து இரண்டாவது பேணியும் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டு குசினிக்குள் நிற்க என்னால் முடியவில்லை. நீ கரடிக்குக் குறி பார்க்கும்போதெல்லாம் உன் கன்னம் அவனுடைய அரிசியில் முட்டட்டும். சும்மா போய்வரலாம் என்று நினைக்காதே.

ஒரு மணி சிந்தாமல் திருப்பிக் கொண்டுவா. அவன் கதைக்கிற அன்று அதில்தான் உலை வைப்பேன், அதில்தான் நானும் சாப்பிடுவேன்.

தேவமலர்


பிரெடெரிசியா
09.06.2009

தம்பி,

ஸ்வல்பார்ட் துறைமுகம் லொங்யேர்பியெனில் இருக்கிற கப்பல் கம்பெனி முகவரிக்கு எழுதுகிறேன். கரைக்கு வரும்போது தருவார்கள் என்று சொன்னார்கள்.

நேற்று உன் தொலைபேசி அடித்தது. நீளமான இலக்கம். நான் "பேனாட்டோ?" என்றேன். அந்தப் பக்கம் மேரிசெலின்.

வவுனியா முகாமில் இருக்கிறாள். தண்ணீர் கொண்டுவரும் யாரோ ஒரு பவுசர் வண்டிக்காரரின் போன், கனநேரம் கதைக்க ஏலாது என்றாள். "மச்சாள், அவர் கஞ்சி வாங்கப் போனவர்" என்றாள். அவ்வளவையும் இரண்டு தரம் சொன்னாள். மே நடுவில். பாத்திரத்தோடு வரிசையில் நின்றவர்கள் மேல் செல்குண்டு விழுந்திருக்கிறது. பக்கத்தில் நின்றவர்கள் மண்போட்டு மூடிவிட்டார்கள். அல்பம், துணி, எல்லாம் போய்விட்டதாம். எப்படி இந்த இலக்கம் என்று கேட்டேன். "அவர்தான் எனக்கும் பாடமாக்கித் தந்தவர். ஒவ்வொரு நாளும் சொல்லிக் காட்டச் சொல்லுவார்" என்றாள். லைன் அறுந்தது.

கஞ்சிக்குப் போய்ச் செத்திருக்கிறான் தம்பி. நான் இங்கே அவனுக்குப் பேணி பேணியாக அரிசி சேர்த்திருக்கிறேன். என்னைப் பார்க்க எனக்கே அருவருக்கிறது. என்ன விளையாட்டு இது? கர்த்தருக்கு முன்னால் பெரிய பக்தைபோல நின்று பிடி பிடியாக அளந்தேன்.

அத்தான் நேற்றுப் பின்னேரம் ஒரு கோப்பையில் சோறு போட்டுக் கொண்டுவந்தார். கை நீளவில்லை. அவனுடைய குரலைக் கேட்டால்தான் என்று சொல்லியிருக்கிறேன். இனி எங்கே கேட்பது? போதகர் ஜெபித்து விடுவிப்பார் என்கிறார் அத்தான். எனக்குப் போதகர் வேண்டாம். நான் கர்த்தரோடு பேசினதற்குள் போதகருக்கு என்ன வேலை? சாகுமட்டும் பாண் தின்பேன். அது எனக்குக் காணும்.

அரிசியைக் கடலில் கொட்டிவிடாதே. கொண்டுவா.

அக்கா


லொங்யேர்பியென்
17.06.2009

அக்கா,

கப்பல் இன்று காலை கரைக்கு வந்தது. கடிதத்தை இறங்குதுறையில் வைத்துத் தந்தார்கள். அங்கேயே நின்று வாசித்தேன்.

பிறகு ஹோட்டல் தொலைபேசியிலிருந்து என் இலக்கத்துக்கு நானே எடுத்தேன். நீங்கள் எடுத்ததும் "பேனாட்டோ?" என்றீர்கள். எல்லாம் தெரிந்த பிறகும் அப்படித்தான் கேட்டீர்கள். வைத்துவிட்டேன். அது நான்தான். வேறு யாரோ என்று காத்திருக்க வேண்டாம்.

நான் இங்கே மனிதர்கள் இல்லை என்று நினைத்து வந்தேன். கப்பலில் ஏறுமுன்னே வழிகாட்டிகள் எல்லோருடைய பையையும் தூசி உறிஞ்சியால் உறிஞ்சினார்கள். வெளிவிதை ஒன்றும் தீவில் விழக்கூடாதாம். அரிசிப் பையைக் கொட்டச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். இது என் தம்பியின் சாப்பாடு என்றேன். அந்தப் பெண் வழிகாட்டி என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, கப்பலை விட்டு வெளியே போகக்கூடாது என்று சொல்லிப் பிளாஸ்ரிக்கில் சுற்றி ஒட்டித் தந்தாள். ஒரு மணி சிந்தவில்லை.

மூன்றாவது நாளோ நாலாவது நாளோ கரடி வந்தது. பனித்தட்டில் ஒரு கடல்நாயைக் கிழித்துத் தின்கிறது. வெள்ளை மூஞ்சி முழுக்கச் சிவப்பு. எல்லோரும் ஒரே மாதிரிச் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு கம்பியோரம் நெருக்கியடிக்கிறார்கள். பின்னால் ஒருவர் தட்டில் ஷம்பேன் கொண்டு திரிகிறார். பக்கத்தில் நின்ற கிழவர் தன் கமராத் திரையைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார், உன்னுடையதில் ரத்தம் வடிவாக விழுந்திருக்கிறதா என்று. அக்கா, பூமியின் உச்சிக்கு வந்தும் அதே கேள்வி. என் கன்னம் பேனாட்டின் அரிசியில் இருந்தது. நானும் பொத்தானை அழுத்தினேன். அழுத்திக்கொண்டே இருந்தேன். அவன் அதற்கு முன்னமே மண்ணுக்குள் போய்விட்டான் என்று இப்போதுதான் தெரிகிறது. அந்தப் படங்களைத் திறந்து பார்க்க மாட்டேன். கார்டைக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டேன்.

கப்பல் பின்னேரம் திரும்பப் புறப்படுகிறது. நான் ஏறவில்லை. விமானத்தில் அடுத்த கிழமைதான் இடம். கடிதம் இன்றைக்கே போய்விடும், எனக்கு முன்னால் வந்து சேரும். வந்து இறங்கியதும் வீட்டுக்குப் போய்ப் பழைய வீடியோக் கமராவையும் கசெற்றையும் எடுத்துக்கொண்டு நேரே பிரெடெரிசியாவுக்கு வருகிறேன். அரிசியும் வரும். உலையை நான் வைக்கிறேன். நீங்கள் அடுப்படிக்கு வர வேண்டாம், தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தால் போதும்.

நீங்கள் கர்த்தரிடம் கேட்டது அவனுடைய குரல். அது என்னிடம் இருக்கிறது. ஆறு வருடமாகப் பொக்கற்றுக்குள் போட்டு வைத்திருந்தேன். எடிற் பண்ணவில்லை, ரோசாப்பூ இல்லை, பாட்டு இல்லை. அன்று பாதியில் நிறுத்திவிட்டேன் என்று எழுதினேன் அல்லவா? அவன் என்ன சொல்லி ஏசினான் என்று கேட்ட பிறகுதான் நிறுத்தினேன். உங்களுக்கு எழுத முடியவில்லை. நீங்கள் அப்போது குசினிப் பக்கம் பந்திக்குப் பரிமாறிக்கொண்டு நின்றீர்கள், உங்களுக்குக் கேட்டிராது. கையில் சோற்றுக் கரண்டியோடு கமராவுக்குக் கிட்ட வந்து சொல்கிறான்:

"அண்ணை, காணும் எடுத்தது. அதை வைச்சிட்டு வாங்கோ. அக்காவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, அவ இன்னும் சாப்பிடேல்லை. சோறு ஆறுது."

இன்பநாதன்